கிட்டங்கி வீட்டில் நின்றவர்கள்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, விசைத்தறிகள் ராவும் பகலும் ஓடுவதால் பிள்ளைகள் பேசப் பழகும்போதே கத்திப் பேசப் பழகிவிடுகிற ஊர் ஒன்றில், செத்துப்போனவர்களின் துணிகள் சாயங்கால நேரத்தில் மூச்சு விட்ட ஒரு வருஷம் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைப் பெரிய அதிசயமாகச் சொல்வதில்லை. அந்த வருஷம் பிச்சிப்பூ நன்றாகப் பூத்தது, அந்த வருஷம் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள், அந்த வருஷம் கிட்டங்கி வீட்டில் நம்ம ஆட்கள் வந்து நின்றார்கள் என்று மற்றதோடு மற்றதாகத்தான் சொல்வார்கள்.

கிட்டங்கி வீடு பஞ்சு வியாபாரம் செய்த ஒரு குடும்பம் கட்டியது. முன்பக்கம் குடியிருக்க வீடு, பின்பக்கம் மூட்டை அடுக்க நீளமான கிட்டங்கி. வியாபாரம் படுத்து அந்தக் குடும்பம் சென்னைக்குப் போனபிறகு, வீடு பாழாகாமல் இருக்கட்டும் என்று வேலாயுதப்பெருமாளையும் அவர் மனைவி சங்கரவடிவையும் குடிவைத்தார்கள். வேலாயுதம் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். சங்கரவடிவுக்கு இழுப்பு. கிட்டங்கியில் மூட்டைகள் இல்லாமல் போனாலும் பஞ்சுத் தூசி போகவில்லை. அது உத்தரத்திலும் சுவர் இடுக்கிலும் இருந்துகொண்டு அவள் நெஞ்சுக்குள் இறங்கியது. அவள் மூச்சு விட்டால் தெருக்கோடியில் யாரோ விசிலடித்துக் கூப்பிடுகிற மாதிரி கேட்கும். தூசி வரக்கூடாது என்று வேலாயுதம் தெருப்பக்கத்துச் சன்னல்களைச் சாத்தினார், புகை ஆகாது என்று சாம்பிராணியை நிறுத்தினார், மழையில் நனைந்தால் நெஞ்சு கட்டிக்கொள்ளும் என்று மேகம் கருக்கும்போதே அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார்த்திவைத்தார். அப்படியும் ஒரு தை மாதக் காலையில், ஊர் முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த விசில் நின்றது. அத்தனை இரைச்சலுக்கு நடுவே அது நின்றதை அவர் ஒருவர்தான் கேட்டார்.

காரியம் முடிந்ததும் அவளுடைய அக்கா தங்கைகள் வந்து, முறைப்படி சேலைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் உடுத்தி உடுத்தி வெளிறிப்போன சாம்பல் நிறச் சுங்குடிச் சேலை ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. அது கொடியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு வேலாயுதம் அடுப்பு மூட்டவில்லை. காலையில் இட்லிக் கடை, மத்தியானம் மெஸ், சாயங்காலம் எது கிடைக்கிறதோ அது. யார் எது கேட்டாலும் நல்லாயிருக்கேன் என்பார். ஆனால் படுக்கும்போதும் எழும்போதும் அவர் மனதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அது நடக்காது என்றும் அவருக்குத் தெரியும்: அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விசில் இல்லாமல் மூச்சு விடுவதைக் கேட்க வேண்டும்.

சித்திரை வெயிலில் ஒருநாள், செய்வதற்கு வேறு வேலை இல்லாமல், அந்தச் சேலையை அலசி, பட்டறையில் பாவுக்குக் காய்ச்சுகிற மாதிரியே மரவள்ளி மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி முக்கி எடுத்தார். பிழிந்தால் மொடமொடப்பு போய்விடும் என்று பிழியாமல், அவள் உயரத்துக்குக் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, அதன்மேல் கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, தலைப்பை இடுப்பில் செருகி, அவள் எப்படிக் கட்டுவாளோ அப்படியே கட்டி முற்றத்து வெயிலில் நிறுத்தினார். காய்ந்ததும் பின்பக்கமாகக் கையைவிட்டுக் கூடைகளை ஒவ்வொன்றாக உருவினார். உள்ளே ஒன்றும் இல்லாமல் சேலை நின்றது. தலையில்லை, கையில்லை, காலில்லை. தோளும் இடுப்பும் கொசுவமுமாக ஒரு பெண்பிள்ளை நிற்கிற மாதிரி நின்றது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிட்டங்கியின் நடுவில், மேற்கே பார்த்து நிறுத்தி, பின்னால் ஒரு அகல் விளக்கை ஏற்றி வைத்தார். வெளிச்சம் துணி வழியாக வந்தபோது சேலை உள்ளிருந்தே எரிகிற மாதிரி இருந்தது. அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விளக்கு எண்ணெய் தீரும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்தார்.

எதிர்வீட்டுக் குருவம்மாதான் முதலில் பார்த்தாள். அவள் புருஷன் சுடலைமுத்து பட்டறையில் வேலாயுதத்துக்கு மூத்தவன், அண்ணன் முறை. அவன் செத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. மோர் வாங்கிக்கொள்கிறீரா என்று கேட்க வந்தவள், கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்துச் செம்பைக் கீழே போட்டுவிட்டு "ஆத்தாடி" என்று வாசல்வரை ஓடி, அங்கே நின்று யோசித்து, திரும்பி வந்தாள்.

"என்ன வேலை இது கொழுந்தனாரே? ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

"சும்மா நிக்கட்டும்னு வெச்சேன் மதினி."

"சும்மாவா நிக்கா? இப்பத்தான் அரைப்படி அரிசி கடன் கேட்டு வந்தவ மாதிரில்லா நிக்கா." சுற்றிவந்து பார்த்தாள். கொசுவத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "எங்க ஆளு சட்டை ஒண்ணு கிடக்கு. அதையும் இப்படி நிப்பாட்டிக் குடுப்பீரா?" என்றாள்.

"மாவு தீந்துபோச்சே."

"மாவு என்னத்துக்கு? எங்க வீட்டுச் சோத்துப் பானையில வடிச்ச கஞ்சி கொண்டாரேன். அந்த மனுஷன் உசுரோட இருக்கயிலயே அடுத்த வீட்டுத் தண்ணி குடிக்கமாட்டாரு. கடை மாவையா பூசிக்கப் போறாரு?"

வடிகஞ்சியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, காலர் விறைத்து, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கச் சுடலைமுத்துவின் சட்டை சங்கரவடிவின் சேலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. சாயங்காலம் விளக்கு வைத்தார்கள். வைத்ததும் சட்டையின் மார்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இரண்டாவது பித்தானுக்குப் பக்கத்தில் துணி விரிந்து சுருங்கியது. பீடி குடித்த நெஞ்சின் கரகரப்பு லேசாகக் கேட்டது. குருவம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, "பீரோ சாவியை எங்கேய்யா வெச்சுட்டுப் போன?" என்று ஆரம்பித்தாள். விளக்கு அணைகிறவரை அவள் நிறுத்தவில்லை. சட்டை ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டது. போகும்போது அவள் சொன்னாள்: "முன்னயும் இப்படித்தான். என்ன ஏசினாலும் வாயைத் தொறக்க மாட்டாரு."

சங்கரவடிவின் சேலை அசையவில்லை. இன்றைக்குத்தானே அண்ணன் வந்திருக்கிறார், நாளைக்கு அவள் வருவாள் என்று வேலாயுதம் நினைத்தார்.

குருவம்மா வாயில் எது விழுந்தாலும் அது ஊர் வாயில் விழுந்த மாதிரி. மறுநாளே ஆட்கள் ஒரு கையில் துணியும் ஒரு கையில் தூக்குவாளியில் தங்கள் வீட்டு வடிகஞ்சியுமாக வந்தார்கள். வேலாயுதம் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒவ்வொரு ஆளும் எப்படி நிற்பார் என்று கேட்டுக்கொண்டார். கூன் விழுந்தவருக்குக் கூடையைச் சாய்த்து அடுக்கினார், இடுப்பில் கை வைத்து நிற்பவருக்குச் சட்டைக்கையை மடித்துக் காயவைத்தார், பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன ஒருத்தியின் சேலைக்கு உள்ளே சின்னப் பானை ஒன்றைச் சேர்த்து வைத்தார். கிட்டங்கி நிறைய வேட்டிகளும் சட்டைகளும் சேலைகளும் தாவணிகளும், எல்லாம் மேற்கே பார்த்து, சாமி புறப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிற கூட்டம்போல நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அகல். விளக்கு வைத்ததும் எல்லாம் சேர்ந்து மூச்சு விடும். அந்தச் சத்தம் நெல் மூட்டையை மெதுவாகச் சாய்க்கிற சத்தம் மாதிரி இருக்கும்.

ஊர் அதற்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. தறிச் சத்தத்தில் மூச்சு கேட்கவில்லை என்று பெண்கள் குறைபட்டதும், தறி முதலாளிகள் கூடிப் பேசி, விளக்கு வைக்கிற நேரத்தில் கொஞ்ச நேரம் தறியை நிறுத்தினார்கள். முதல் நாள் அந்த அமைதியில் பயந்துபோய்ப் பிள்ளைகள் அழுதன, பிறகு பழகிவிட்டன. செத்துப்போன லாரி டிரைவர் பரமசிவத்துக்கு இரண்டு சம்சாரம். காக்கிச் சட்டை யார் கொண்டுவருவது என்று இரண்டு பேரும் தெருவில் தலைமுடியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் மூத்தவள் சட்டையும் இளையவள் கைலியும் கொண்டுவருவது, இரண்டு வீட்டுக் கஞ்சியையும் கலப்பது என்று தீர்ப்பானது. சாயங்காலம் அவனுக்கு வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி. சட்டை ஒரு மாதிரியும் கைலி ஒரு மாதிரியும் மூச்சு விட்டன. "உசுரோட இருக்கயிலயும் இந்த மனுஷனுக்கு மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு," என்றாள் இளையவள். மூத்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றையிலிருந்து இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து போனார்கள்.

கணக்கு வாத்தியார் சட்டை நிற்கிற பக்கம் பீடியோடு போக ஆட்கள் யோசித்தார்கள். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர் கிட்டங்கி மூலைக்குப் போகும்போது, "கொஞ்சம் வழி விடுங்க அண்ணாச்சி" என்று வேட்டிகளுக்கு இடையே ஒருக்களித்து நடந்தார். கலியாணம் பேசி முடித்தவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிவந்து காட்டினார்கள். ஒரு தாய் தன் மகளின் சின்னப் பாவாடையைக் கொண்டுவந்தாள். அது முழங்கால் உயரம்தான் இருந்தது, வேகமாக, ஓடி விளையாடிவிட்டு வந்து நிற்கிற மாதிரி மூச்சு விட்டது. அந்தப் பாவாடைப் பக்கம் வந்தால் மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

சங்கரவடிவின் சேலை மட்டும் மூச்சு விடவில்லை.

முதலில் ஊர்க்காரர்கள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். பிறகு பேசினார்கள். அவளுக்குக் கோபம் என்றார்கள், அவளுக்கு மறுபிறவி கிடைத்துவிட்டது என்றார்கள், நல்லவளாக இருந்தால் அப்படித்தான், திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று ஆறுதல் சொன்னார்கள். வேலாயுதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாயங்காலமானால் மற்றவர்களுக்கு விளக்கு ஏற்றிவிட்டு, கடைசியாக அவளுக்கு ஏற்றிவிட்டு, எதிரே உட்காருவார். சுற்றிலும் ஊர்ச் செத்தவர்கள் எல்லாம் மூச்சு விட, ஊர்க்காரர்கள் எல்லாம் அழவும் சிரிக்கவும் ஏசவும் செய்ய, அவர் முன்னால் அந்தச் சேலை அட்டையில் வெட்டி வைத்ததுபோல நிற்கும். தன் வீட்டுக் கலியாணத்தில் தன்னைத் தவிர எல்லோருக்கும் இலை போட்டதுபோல இருக்கும் அவருக்கு. ஒருநாள் ஆட்கள் எல்லாம் போனபிறகு அவர் சேலையின் காதிருக்கும் இடத்தில் குனிந்து, "விசிலோட வந்தாலும் சரிதான் வடிவு" என்றார். அதற்கும் அது அசையவில்லை.

ஆவணி கடந்தது, புரட்டாசி வந்தது. எறும்பு வந்தது. வடிகஞ்சியின் ருசி தெரிந்து சிற்றெறும்புகள் வேட்டி விளிம்புகளில் சாரை பிடித்து ஏறின. பெண்கள் தென்னை ஈர்க்கால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். குருவம்மா புருஷனுடைய சட்டை அக்குளில் எறும்பு ஓட்டையே போட்டுவிட்டது. அவள் ஈர்க்கும் கையுமாக நிமிர்ந்து, சங்கரவடிவின் சேலையைச் சுற்றிப் பார்த்தாள்.

"உம்ம பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒரு எறும்பு அண்டலையே. என்ன மாயம்?"

"மாயமெல்லாம் இல்ல மதினி. கஞ்சியில துத்தம் போட்டிருக்கேன்."

"என்ன துத்தம்?"

"மயில் துத்தம். பட்டறையில பாவுக்குப் போடுவோம்லா. எறும்பு, பூச்சி, பூசணம் எதுவும் கிட்ட வராது."

குருவம்மா ஈர்க்கைக் கீழே வைத்தாள்.

"எதுவுமே கிட்ட வராதோ?" என்றாள்.

வேலாயுதம் சேலையின் கொசுவத்தை விரலால் தொட்டு, அந்த விரலைப் பார்த்தார்.

"விஷத்தைப் போட்டு நிப்பாட்டி வெச்சுக்கிட்டு வா வான்னா எப்படிவே வருவா? உசுரோட இருந்தப்பவும் தூசி படாம காத்துப் படாம பொத்திப் பொத்தி வெச்சீரு. சரி, அது நோக்காட்டுக்கு. இப்ப அவளுக்கு என்ன வந்திரப் போகுது?" ஏசத் தொடங்கியவள் அவர் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றினாள். "எங்க வீட்டுக் கஞ்சி தாரேன். சேலையை அலசும். ஒரு நாள்லயே வந்திருவா."

"வேண்டாம் மதினி. அவ இங்கதான் சாப்பிட்டா."

"இங்க அடுப்பெங்க எரியுது?"

"எரிய வைக்கணும்," என்றார்.

ஆனால் உடனே எரியவைக்கவில்லை. அவளுடையது என்று இருந்தது அந்த ஒரு சேலைதான். துத்தம் இருக்கிறவரை அது இப்படியே, மடிப்புக் குலையாமல், அவர் காலத்துக்கும் நிற்கும். வடிகஞ்சியில் நனைத்தால் எறும்பு தின்னும், பழைய நூல் இற்றுப்போகும், மழைக்காற்று பட்டாலே சரிந்துவிடும். அவள் வந்தாலும் எத்தனை நேரம் நிற்பாள்? வந்தும் போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்? இப்படி யோசித்து யோசித்து அவர் நாளைக் கடத்தினார். அதற்குள் ஐப்பசி வந்தது. மேற்கே மலைப்பக்கம் இருட்டியது. ஈரக்காற்றில் கிட்டங்கியில் நின்றவர்களின் தோள்கள் தளர்ந்தன, கொசுவங்கள் தரையைத் தொட்டன. துணி நைந்துபோகும்முன் ஆட்கள் வந்து அவரவர் மனிதர்களை மெல்ல மடித்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "போயிட்டு வாரோம்" என்று வேலாயுதத்திடம் சொல்லிக்கொண்டு போனார்கள். சின்னப் பாவாடையை அந்தத் தாய் மடிக்கவில்லை. நெஞ்சோடு தூக்கிக்கொண்டு போனாள். பரமசிவத்தின் சம்சாரங்கள் சட்டையும் கைலியும் யாருக்கு என்று சண்டையில்லாமல் மாற்றிக்கொண்டு போனார்கள். குருவம்மா சுடலைமுத்துவை எடுக்க வந்தபோது வேலாயுதம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அலசலையா?" என்றாள்.

இல்லை என்று அவர் தலையசைத்தார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கிட்டங்கியில் அவரும் அந்தச் சேலையும் மட்டும் மிஞ்சினார்கள். மற்றவர்கள் நின்ற இடங்களில் அகல்கள் வெறுமனே கிடந்தன. மூச்சுச் சத்தம் இல்லாத அந்தக் கிட்டங்கி, பழைய பஞ்சுக் கிட்டங்கியாகவே ஆகிவிட்டதை அவர் பார்த்தார். எழுந்து போய்ச் சேலையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

தண்ணீர் இறைத்து இறைத்து அலசினார். நீலம் பாரித்த தண்ணீர் போய், வெள்ளைத் தண்ணீர் போய், தெளிந்த தண்ணீர் வருகிறவரை அலசினார். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சிலந்திவலையைத் தட்டிவிட்டு, பானையைக் கழுவி உலை வைத்தார். அரிசியை எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. கையால் அள்ளிப் போட்டார். பக்குவம் தப்பிச் சோறு குழைந்துபோயிற்று. வடித்த கஞ்சி பசையாக இருந்தது. அதிலே சேலையை முக்கி, கூடைகளை அடுக்கி, கொசுவம் வைத்துக் கட்டி, முற்றத்தில் நிறுத்திவிட்டு, மேகத்துக்கும் வெயிலுக்கும் நடுவே பக்கத்திலேயே நின்றார். வெயில் வந்தால் வெயில் பக்கம் திருப்பினார், மேகம் வந்தால் விசிறியால் வீசினார். மத்தியானம் சரிந்து வெகு நேரம் கழித்துச் சேலை காய்ந்தது. கூடைகளை உருவியபோது தோள்பட்டை முன்போல நிமிரவில்லை. ஒருநாள் வேலையெல்லாம் முடித்துவிட்டு அலுத்து நிற்கிறவள் தோள்மாதிரி கொஞ்சம் இறங்கியே இருந்தது. இதுதான் சரி என்று அவருக்குப் பட்டது.

அவர் சேலையைக் கிட்டங்கிக்குக் கொண்டுபோகவில்லை. முன்வீட்டில், தெருப்பக்கத்துச் சன்னலுக்கு உள்ளே நிறுத்தினார். விளக்கை ஏற்றினார். மழை ஆரம்பித்தது. முதல் இடிக்குக் கரண்டு போயிற்று, யாரும் நிறுத்தாமலே ஊர்த் தறியெல்லாம் நின்றது.

சேலையின் மார்பு ஏறியது.

அவர் காதை நெருக்கிக்கொண்டு போனார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தெருக்கோடி விசிலுக்காகக் காத்திருந்தார். மார்பு இறங்கியது. மறுபடி ஏறியது. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது, எங்கேயும் தடுக்காமல், எதையும் கூப்பிடாமல், நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையின் மூச்சு மாதிரி நீளமாக வந்தது. அவர் அதை எத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவருக்கே தெரியாது. இடையில் எப்போதோ சேலையின் தோள் சன்னல் பக்கமாகச் சாய்வதைப் பார்த்தார். மழைக்கு ஒதுங்கிய எறும்புகள் சாரையாக வந்து கொசுவத்தில் ஏறின. அவர் தட்டிவிடவில்லை. எழுந்து, துருப்பிடித்த கொக்கியைக் கல்லால் தட்டிக் கழற்றி, இரண்டு கதவையும் தள்ளித் திறந்தார்.

சாரல் உள்ளே அடித்தது. எதிர்வீட்டு வாசலில் நின்று ஓடுவழி ஒழுகும் தண்ணீருக்கு அண்டா வைத்துக்கொண்டிருந்த குருவம்மா பார்த்துவிட்டுக் கத்தினாள்:

"சன்னலைச் சாத்தும் கொழுந்தனாரே! சேலை நனையுது பாரும்!"

"நனையட்டும் மதினி."

"வந்துட்டாளா?"

அவர் தலையை ஆட்டினார்.

குருவம்மா அண்டாவை விட்டுவிட்டு மழையிலேயே ஓர் அடி முன்னால் வந்தாள். "இழுக்குதா?" என்று கேட்டாள், இந்தத் தடவை கத்தாமல்.

"இல்ல," என்றார் வேலாயுதம். "கொஞ்சங்கூட இல்ல."

அவள் நனைந்துகொண்டே சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். சன்னலோரத்துச் சேலையின் முந்தானை முதலில் சரிந்தது. பிறகு தோள், பிறகு இடுப்பு. கஞ்சி கரைந்து சன்னல் கட்டையில் வெள்ளையாக வழிந்தது. சேலை முழுக்க மடங்கித் தரையில் ஈரத் துணியாகக் கிடந்தபிறகும் அது நின்றிருந்த இடத்திலேயே அந்த மூச்சு கொஞ்ச நேரம் கேட்டது. பின்பு அவசரமே இல்லாமல் அவரைக் கடந்து, சன்னலைக் கடந்து, மழைக்குள் இறங்கிப் போயிற்று.

அவர் சேலையைப் பிழியாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் போனபின் வயிறு பசித்தது. அடுப்படிக்குப் போய்ப் பானைத் தட்டைத் தூக்கினார். குழைந்த சோறு அப்படியே இருந்தது. ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, திறந்த சன்னல் ஓரமாக உட்கார்ந்து, சாரல் தட்டில் விழ விழச் சாப்பிட்டார்.